அம்பு விட்ட பிறகு: வில்லால் மான் வேட்டையாட வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வில் வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் ஆண்டில் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த வில் வாங்கலாம், எந்த அம்பு நல்லது என்பதுதான். இரண்டாம் ஆண்டில், ஒரு மானைக் காட்டில் தொலைத்துவிட்டு வந்த பிறகு, அம்பு பட்ட மானை எப்படித் தேடுவது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருந்தால் அந்த மான் ஒருவேளை தொலைந்திருக்காது. துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தாலேயே பெருஞ்சேதம் விளைவிப்பது. அம்போ சதையையும் நாளங்களையும் வெட்டி, ரத்தத்தை வடியவிட்டுக் கொல்வது. ஆகையால் இரண்டு நுரையீரல்களையும் துளைத்துக்கொண்டு அம்பு மறுபக்கம் போனாலும் மான் நின்ற இடத்தில் விழுவது அரிது. சில விநாடிகள் பாய்ந்தோடி, 50 முதல் 150 கெஜம் தள்ளி, பெரும்பாலும் நம் கண்ணுக்கு மறைவான புதருக்குள் போய் விழும். அந்த இடைவெளியைப் பற்றியே இங்கு அதிகம் சொல்லப்போகிறேன். வட அமெரிக்காவின் வெண்வால் மானை மனத்தில் வைத்து எழுதினாலும், தடம் பிடிக்கும் முறை எந்த மானுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி உண்டு, வில்லால் இல்லை. அமெரிக்காவில் வில்லுக்கென்றே தனிப் பருவத்தை மாநிலங்கள் ஒதுக்குகின்றன. விஸ்கான்சின் மாநிலம் 1934-இலேயே அப்படி ஒன்றை நடத்தியது. உரிமம், மானுக்கு இணைக்கும் அடையாளச் சீட்டு, அனுமதிக்கப்பட்ட நேரம், அம்பு முனையின் அகலம் என ஒவ்வொன்றும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் வில் வேட்டைக்கான தனிப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அது கட்டாயமில்லாத இடத்திலும் அந்த வகுப்புக்குப் போய் வாருங்கள். ரத்தத் தடத்தைப் பின்தொடரும் பயிற்சியைப் பல வகுப்புகளில் நிலத்திலேயே செய்து காட்டுவார்கள்.

வில்லும் அம்பும்

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில். நாணை முழுவதும் இழுத்ததும் பாரத்தின் பெரும்பங்கைக் கப்பிகள் தாங்கிக்கொள்வதால், குறி வைத்தபடி சற்று நேரம் அசையாமல் இருக்க முடிகிறது. மான் வேட்டைக்குரிய குறைந்தபட்ச இழுவிசை பல மாநிலங்களில் 35 அல்லது 40 பவுண்டு. அதற்கு மேல் எவ்வளவு என்பதை வீராப்பு தீர்மானிக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக முன்னால் நீட்டி நாணை இழுத்துப் பாருங்கள். எந்தப் பாரத்தில் அப்படி இழுக்க முடிகிறதோ அதுவே உங்களுக்குரியது. குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த உடம்பு, வெயிலில் பயிற்சி செய்த உடம்பைப் போல இழுக்காது.

வேட்டைக்குரிய அம்பு முனையின் கூர்மையில் சமரசமே கூடாது. கூரான விளிம்பு சுத்தமாக வெட்டும். அந்தக் காயம் எளிதில் உறையாமல் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். மழுங்கிய விளிம்பு நாளத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும், அல்லது கிழிக்கும். கிழிந்த காயத்தில் ரத்தம் சீக்கிரம் கட்டும். இழுத்து மாட்டிய ரப்பர் பேண்டின் மேல் விளிம்பை லேசாக வைத்து நகர்த்தினால் அது அறுபட வேண்டும். பயிற்சி முனை போகும் இடத்துக்கே வேட்டை முனையும் போகும் என்று நம்பிவிடாதீர்கள். காட்டுக்குப் போகும் முன் வேட்டை முனையையே மாட்டி எய்து, இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி பக்கவாட்டில் ஏறக்குறைய 8 அங்குல விட்டமுள்ள வட்டம். எந்தத் தூரத்திலிருந்து நீங்கள் விடும் எல்லா அம்புகளும் அந்த அளவு வட்டத்துக்குள் விழுகின்றனவோ அதில் சில கெஜங்களைக் கழித்தால் வருவதுதான் உங்கள் எல்லை. புதியவர்கள் பலருக்கு அது 20 கெஜத்தை ஒட்டி இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரணும் காற்றும்

வில் வேட்டைக்காரர்களில் பலர் மரத்தில் 15 முதல் 20 அடி உயரத்தில் பரண் கட்டி அமர்கிறார்கள். இந்த வேட்டையில் கூரான முனைகளைவிட ஆளை அதிகம் காயப்படுத்துவது பரணிலிருந்து விழுவதுதான். உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புக் கச்சையை, தரையை விட்டுக் கால் எடுத்த கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும்வரை மரத்தோடு இணைத்தே வைத்திருங்கள். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல், மேலே போய் அமர்ந்த பிறகு கயிற்றால் தூக்கிக்கொள்ளுங்கள்.

மானுக்கு ஆரஞ்சு நிறமும் சிவப்பும் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரிவதில்லை. நீலம் நன்றாகத் தெரியும். ஆனால் அதன் முதல் காவலாளி மூக்கு. ஆகவே மான் வரும் பாதையிலிருந்து காற்று உங்களை நோக்கி வீசும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மலைச்சரிவுகளில் காலை வெயில் ஏறியதும் காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும். காலையில் சரியாக இருந்த பரண் மாலையில் உங்களைக் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

எப்போது எய்யலாம்

மான் உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அல்லது தலையை அப்பால் வைத்துச் சற்றே விலகித் திரும்பியிருக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே ஒரு கோடு இழுத்து, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். விலகித் திரும்பி நின்றால், அம்பு மறுபக்கத்து முன்னங்காலை நோக்கி வெளியேறும்படி விலாவில் சற்றுப் பின்னால் குறி வையுங்கள். உங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மான், உங்கள் பக்கம் தோளைத் திருப்பிய மான், பரணுக்கு நேர் கீழே நிற்கும் மான் ஆகியவற்றின் மேல் அம்பு விடாதீர்கள். முதலிரண்டில் எலும்பு குறுக்கே வரும். மூன்றாவதில் ஒரு நுரையீரல் மட்டுமே சிக்கும், ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போய்விடும்.

நாண் ஓசைக்கு மான் கீழே பதுங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 30 கெஜம் என்பது 90 அடி. விநாடிக்கு 270 அடி வேகத்தில் செல்லும் அம்பு அங்கே போய்ச்சேர ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும், ஒலியோ 0.08 விநாடியில் போய்விடும். இடைப்பட்ட கால் விநாடியில், ஓடுவதற்காகக் கால்களை மடக்கும் மானின் முதுகு பல அங்குலம் இறங்கிவிடும். நீங்கள் நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும். தலை நிமிர்த்தி, காதுகளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருக்கும் மானிடம் இது நிச்சயம் நடக்கும் என்றே வைத்துக்கொண்டு, அது தலை குனிந்து மேயும்வரை காத்திருங்கள்.

அம்பு பட்ட அந்தக் கணம்

எய்ததும் வில்லைத் தாழ்த்தாமல் பாருங்கள், கேளுங்கள். உடல் நடுங்கும், அடுத்த அம்பை எடுக்கக் கை பரபரக்கும். அந்த ஐந்து விநாடிகளில் கண்ணில் படுவது பிறகு எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காது. பின்னங்கால்களை உதைத்துத் துள்ளி, வயிறு தரையில் தட்டுவதுபோல் தாழ்ந்து முழு வேகத்தில் ஓடினால், இதயத்திலோ நுரையீரலிலோ பட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதுகைக் கூனிக்கொண்டு, வால் தொங்க, சில எட்டுகள் ஓடிவிட்டு நடக்கத் தொடங்கினால், வயிற்றில் பட்டிருக்கிறது என்று அஞ்ச வேண்டும். பட்ட ஓசையும் பேசும். விலாவில் பட்ட ஓசை ஒருவித வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும்; தோள் எலும்பில் பட்டால் மரக்கட்டையில் மோதியதுபோல் ‘டக்’கென்று கேட்கும்.

மான் நின்ற இடத்துக்கு ஓர் அடையாளம், அதைக் கடைசியாகக் கண்ட இடத்துக்கு ஓர் அடையாளம் என இரண்டை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘அந்தக் கருவேலமரம்’ என்று குறித்துக்கொண்டு கீழே இறங்கினால் அங்கே பத்து கருவேலமரங்கள் நிற்கும். பரணிலிருந்தே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும், திசைகாட்டியில் திசையைப் பார்த்துக்கொள்வதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் அசையாதீர்கள். கீழே விழும் ஓசை காதில் கேட்டாலொழிய இந்த அரை மணியில் ஒரு நிமிடமும் குறைக்க வேண்டாம்.

அம்பைப் படித்தல்

அரை மணி கழித்து ஓசையின்றி இறங்கி, மான் நின்ற இடத்துக்கு மட்டும் போங்கள். நோக்கம் அம்பையும் ரோமத்தையும் பார்ப்பது மட்டுமே, தேடுவது இல்லை. துளைத்துச் சென்ற அம்பு பெரும்பாலும் சில அடிகளுக்கு அப்பால் சருகுக்குள் செருகியிருக்கும். அதை எடுத்து, இறகுப் பக்கத்திலிருந்து முனைவரை மெதுவாக உருட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுண்ணிய குமிழ்களோடு நுரைத்த ரத்தம் நுரையீரலைச் சொல்லும். குமிழ் இல்லாத பளிச்சென்ற சிவப்பு இதயமாகவோ பெரிய நாளமாகவோ இருக்கலாம், வெறும் சதையாகவும் இருக்கலாம். அதனால் இந்த நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. கருஞ்சிவப்பாக, ஏறக்குறைய பழுப்பாக இருந்தால் ஈரல். ரத்தம் குறைவாகவும், பச்சையும் பழுப்புமான பிசுக்கு அதிகமாகவும் இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த நாற்றம் அடித்தால் இரைப்பை அல்லது குடல். வெண்ணிறக் கொழுப்பு ஒட்டியிருந்தால் நெஞ்சின் அடிப்பகுதியையோ முதுகையோ உரசிப் போயிருக்கலாம்.

ரோமத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். முதுகு ரோமம் நீளமாக, கருமை கூடி இருக்கும். விலாவின் ரோமம் பழுப்பு. வயிற்றின் அடிப்பகுதியில் வெள்ளை. வெட்டுப்பட்ட வெள்ளை ரோமம் கொத்தாகக் கிடந்தால் அம்பு தாழப் போயிருக்கிறது. ஆனால் பரணிலிருந்து விட்ட அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறும்போதும் வெள்ளை ரோமம் உதிரும் என்பதால், அம்பின் சாட்சியோடு சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

நான் தொலைத்த ஒரு மானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்தி நேரம், 18 கெஜம், பக்கவாட்டில் நின்ற பெண் மான். பட்டதும் அது கூனிக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் கண்டேன். அம்பை எடுத்தபோது இறகுகள் மூன்றும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் வழித்ததில் ஒரு துளி சிவப்பும், அரைத்த புல்லைப்போல் பச்சைத் துணுக்குகளும் வந்தன. நாற்றம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. இருந்தும் அந்த ஒரு துளி சிவப்பையே பிடித்துக்கொண்டு, ஈரலாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் விளக்கோடு கிளம்பினேன். 80 கெஜத்தில், எனக்கு முன்னால் பத்தடித் தொலைவில், படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. அது படுத்திருந்த சருகு இன்னும் கதகதப்பாக இருந்தது. அங்கிருந்து ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. மறுநாள் நான்கு பேர் பகல் முழுவதும் தேடியும் அது கிடைக்கவில்லை. தன்னை எவரும் துரத்தவில்லை என்று உணர்ந்தால், வயிற்றில் அடிபட்ட மான் பெரும்பாலும் அருகிலேயே படுத்து, படுத்த இடத்திலேயே சாகும். கிளப்பிவிட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஆகவே காத்திருக்க வேண்டிய நேரத்தை அம்பு சொல்வதைக் கொண்டு தீர்மானியுங்கள். நுரையீரல் அல்லது இதயம் என்றால் ஏற்கெனவே காத்த அரை மணி போதும். ஈரல் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம். வயிறு, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம். மாலையில் எய்திருந்தால் மறுநாள் காலை என்று பொருள். எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால், மோசமானதே நடந்ததாகக் கொண்டு காத்திருங்கள். வெயில் கடுமையாக இருந்தால் இறைச்சி கெடும், ஓநாய்க் குடும்பத்துக் கொயோட்டுகள் நிறைந்த காட்டில் இரவோடிரவாக மான் காலியாகலாம், மழை வந்தால் தடம் கரையும். இவை உண்மையான இழப்புகள்தாம். ஆயினும் வயிற்றில் பட்ட மானைக் கிளப்பிவிடுவதால் வரும் இழப்பு அவற்றைவிடப் பெரிது என்பது என் கணிப்பு.

தடம் பிடித்தல்

இருவர் அல்லது மூவருக்கு மேல் வேண்டாம். கூட்டமாகப் போனால் தடத்தை மிதித்தே அழித்துவிடுவீர்கள். ஒருவர் கடைசியாகக் கண்ட துளியருகே நிற்க, மற்றவர் அடுத்த துளியைத் தேட வேண்டும். அது கிடைத்ததும்தான் நிற்பவர் நகரலாம். தடத்தின் மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். சில துளிகளுக்கு ஒருமுறை கழிவறைக் காகிதத் துண்டு ஒன்றைக் கிளையில் மாட்டிக்கொண்டே போங்கள். திரும்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டுகளின் வரிசை மான் போகும் திசையைக் காட்டும். மழையில் கரைந்தும் போகும். பிளாஸ்டிக் நாடாவாக இருந்தால் திரும்பும்போது அவிழ்த்துக்கொண்டு வாருங்கள்.

ஓடும் மானிடமிருந்து விழும் துளி வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் சிறு வால்கள் நீண்டிருக்கும், அந்த வால்கள் சுட்டும் திசையில்தான் மான் போனது. வட்டமான துளிகள் நெருங்கி விழுந்திருந்தால் அங்கே மான் மெல்ல நடந்திருக்கிறது அல்லது நின்றிருக்கிறது. தரையை மட்டும் பார்க்காதீர்கள். புல் தாள்களிலும் செடித் தண்டுகளிலும் பூசியிருக்கும் ரத்தம் காயம் எந்த உயரத்தில் உள்ளது என்பதைக் காட்டும். பாதையின் இரு பக்கமும் பூசியிருந்தால் அம்பு உடலைத் துளைத்து வெளியேறியிருக்கிறது. உயரத்தில் நுழைந்து மறுபக்கம் வெளியேறாத அம்பானால், நெஞ்சுக் கூடு நிரம்பும்வரை ரத்தம் உள்ளேயே தேங்கும். முதல் 40, 50 கெஜத்துக்கு ஒரு துளியும் இல்லாமல் போவதைக் கண்டு அம்பு தவறிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இலையுதிர் காலத்து மேப்பிள் சருகுகள் புதியவர்களை மிகவும் ஏமாற்றும். அவற்றின் மேல் இயல்பாகவே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். எச்சில் தொட்ட விரலால் தேய்த்துப் பாருங்கள். ரத்தமானால் விரலில் இழுகும், இலையின் நிறமானால் இழுகாது. சிறு தெளிப்பானில் ஹைட்ரஜன் பெராக்சைடு எடுத்துச் சென்றால் இன்னும் எளிது. ரத்தத்தின் மேல் பட்டதும் வெள்ளையாக நுரைக்கும்.

ரத்தம் நின்றுவிட்டால் குளம்புகளைப் பாருங்கள். பாய்ந்தோடிய மானின் குளம்பு அகல விரிந்து ஆழப் பதியும். ஈரமான அடிப்பக்கம் மேலே தெரியும்படி புரண்ட சருகுகளும், பின்னால் எறியப்பட்ட மண்ணும் அந்த வழியைச் சொல்லும். கடைசித் துளியிலிருந்து முதலில் மான்கள் வழக்கமாகப் போகும் ஒற்றையடிப் பாதைகளைப் பாருங்கள். மான் வந்த வழியே சற்றுத் திரும்பிச் சென்று பிரிந்திருக்கவும் கூடும். முழந்தாளிட்டுக் கீழிருந்து புதருக்குள் பார்த்தால், நின்றபடி பார்க்கையில் தெரியாத வெள்ளை வயிறு தெரியும். காயம்பட்ட மான் மேட்டில் ஏறாது என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம், ஏறும்.

எல்லாம் கைவிட்டால், அனுமதி உள்ள இடங்களில் தடம் பிடிக்கப் பழக்கிய நாயை வாரோடு அழைத்து வரலாம். பல மணி நேரம் கழிந்த தடத்தையும் அது மோப்பம் பிடிக்கும். அழைப்பதாக இருந்தால் நீங்கள் கூட்டமாக உழக்குவதற்கு முன்பே அழையுங்கள். தடம் வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போனால் நின்று, உரிமையாளரிடம் கேட்டுவிட்டே நுழையுங்கள். இருட்டில் விளக்கோடு தேடும்போது வில்லைக் கையில் வைத்திருக்கலாமா என்பதிலும் விதிகள் வேறுபடுவதால் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மானை அடைந்ததும்

கிடக்கும் மானைப் பின்பக்கமாக, முதுகுப் புறத்திலிருந்து அணுகுங்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். மூடியிருந்தால் உயிர் இருக்கிறது, ஓசையின்றிப் பின்வாங்குங்கள். நீண்ட குச்சியால் கண்மணியைத் தொட்டும் இமை அசையாவிட்டால்தான் கையால் தொடலாம். அடையாளச் சீட்டை முதலில் நிரப்பி இணைத்துவிடுங்கள். உங்கள் அம்பு உள்ளே உடைந்திருந்தால் கூரான முனை எங்கே என்று தெரியாமல் கையை உள்ளே விடாதீர்கள். குடல் நீக்கும் வேலையில் மிக மோசமான வெட்டுகள் இப்படித்தான் ஏற்படுகின்றன.

இறைச்சியைக் கெடுப்பது உடலின் சூடு. கூடிய விரைவில் வயிற்றைத் திறந்து, குடலைக் கிழிக்காமல் எடுத்து, உடலைக் குளிரவிடுங்கள். உதரவிதானத்தை வெட்டி நெஞ்சுக் கூட்டைத் திறக்கும்போது மட்டும் அவசரப்படாமல், விளக்கை அருகே பிடித்து, அம்பு எந்த விலா எலும்பிடை நுழைந்து, எதைத் துளைத்து, எங்கே வெளியேறியது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பரணில் இருந்தபோது எங்கே பட்டதாக நினைத்தீர்கள், அம்பைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதை அதனோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டின் முதல் ஐந்து பதிவுகளில் மூன்றில் என் கண் சொன்னது தவறு, அம்பு சொன்னது சரி.